தறி நின்றால் படமும் நிற்க வேண்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வேலையில சாதிச்சதைப் பத்தி ஒரு பதினஞ்சு நிமிசம் பேசுப்பா" என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். யோசித்துப் பார்த்ததில், நான் சாதித்ததைவிடச் சொதப்பியதைச் சொன்னால்தான் மாணவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது. அதனால் இந்தப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். முன்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு திரை. அதில் ஒரு நாடா இடமிருந்து வலம், வலமிருந்து இடம் ஓடும். அதன் கீழே ஒரு எண். அவ்வளவுதான் இதன் வேலை. ஆனால் இதைச் சரியாகச் செய்து முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. அதற்குள் ஒருவர் மனதைப் புண்படுத்தவும் செய்தேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என்னுடன் படித்தவர்களுக்கு மைக்ரோ பிராசசர் லேப் நினைவிருக்கும். 8051 போர்டும், இரண்டு வரி எல்.சி.டி.யும்தான் நமக்கு உலகம். அந்த எல்.சி.டி.யில் நாமாக வரைந்துகொள்ள எட்டு எழுத்துக்கு இடம் உண்டு. ஒவ்வொன்றும் 5×8 புள்ளி. அந்த எட்டை வைத்து நம் வகுப்பில் ஒரு மனுசனை நடக்கவிட்டோம். ரெக்கார்டு எழுதாமல் அன்று மதியம் முழுக்க அவன் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஆசை என்னை விடவில்லை.

எங்கள் வீடு கருமத்தம்பட்டி. நால்ரோட்டிலிருந்து சோமனூர் போகும் பக்கம் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு தறிக்குடோன். பாவும் நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அதிலிருந்துதான் தறி ஓட்டுபவர்களுக்கும் மீட்டர் கணக்கில் கூலி போகும். ஆகவே எங்கள் குடோனில் மீட்டர் என்பது அளவு மட்டும் அல்ல. ஒருவர் வீட்டுச் சோறு.

"எந்தத் தறி எவ்வளவு ஓடியிருக்குன்னு வீட்ல இருந்தே தெரிஞ்சா நல்லாருக்கும்" என்று அப்பா ஒருநாள் சொன்னார். பிக் மீட்டர் கடையிலேயே கிடைக்கும். இருந்தாலும் இன்ஜினியர் மகன் இருக்கும்போது கடைக்கு எதற்கு? உட்கார்ந்தேன்.

கணக்கு எளிமையானது. சாதாரண விசைத்தறியில் கிராங்க் ஷாப்ட் ஒரு சுற்று சுற்றினால் நாடா ஒரு முறை குறுக்கே போகும். ஒரு ஊடை இழை விழும். அதுதான் ஒரு பிக். எங்கள் தறி நிமிடத்துக்குச் சுமார் 140 சுற்று. துணி அங்குலத்துக்கு 44 பிக். ஒரு மீட்டருக்கு 39.37 அங்குலம். பெருக்கினால் மீட்டருக்கு 1732 பிக். ஷாப்டில் உள்ள கைச்சக்கரத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் காந்தம், எதிரே ஒரு ஹால் சென்சார். காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒன்று கூட்டு. 1879ல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு, இன்று சில ரூபாய்க்கு மிளகு போலச் சின்னதாகக் கிடைக்கிறது.

எண்ணை மட்டும் காட்டினால் போதாதா? எனக்குப் பழைய ஆசை. 128×64 புள்ளி கொண்ட ஓ.எல்.இ.டி. திரை வாங்கி, ஒரு தறியை வரைந்து, அதில் நாடாவை ஓடவிட்டேன். பார்த்தவர்களெல்லாம் "அட, சினிமா மாதிரி இருக்குதே!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் அடி உடனே விழுந்தது. நூறு மீட்டர் ஓடிய தறிக்குப் பெட்டி எட்டு மீட்டர் என்றது. தம்பிமார்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் 8192 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் 1024 பைட். நான் வைத்திருந்த ஆர்டுவினோ நானோவின் மொத்த ராம் 2 கே.பி. அதில் பாதியைப் படமே தின்றுவிடும். அந்த 1024 பைட்டையும் ஐ-ஸ்கொயர்-சி கம்பியில் நொடிக்கு ஒரு லட்சம் பிட் வேகத்தில் அனுப்பினால், பைட்டுக்கு 9 பிட் வீதம், ஒரு படத்துக்குச் சுமார் 92 மில்லி நொடி. காந்தமோ சென்சாரைக் கடப்பது 7 மில்லி நொடியில். புரோகிராம் ஒரு படம் வரைந்துவிட்டு, சென்சாரை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி வரையப் போய்விடுகிறது. அது எட்டிப் பார்க்கும் அந்த நேரத்தில் காந்தம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வாசலுக்குக் கோலம் போடும் மும்முரத்தில் வந்த விருந்தாளியைக் கவனிக்காத கதை!

தீர்வு நம் பாடத்திலேயே இருந்தது: இன்டரப்ட். சென்சாரை இன்டரப்ட் காலில் இணைத்தேன். எந்த வேலை நடந்தாலும் காந்தம் வந்ததும் சிப் ஒரு கணம் அதைக் கவனித்து, ஒன்று கூட்டிவிட்டுத் திரும்பும். கம்பியின் வேகத்தையும் நொடிக்கு நான்கு லட்சம் பிட்டாக உயர்த்தினேன். ஒரு படம் சுமார் 23 மில்லி நொடியில் முடிந்தது. எண்ணும் சரி, ஓட்டமும் வழவழப்பு. வேலை முடிந்தது என்று தறியில் மாட்டிவிட்டேன்.

அந்தத் தறியை ஓட்டுகிற அக்கா எங்களிடம் பல வருடமாக வேலை செய்பவர். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து பார்த்தவர். மாட்டிய இரண்டாம் நாளே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, தார் தீந்து தறி நின்னுபோச்சுங்க. உங்க பொட்டியில நாடா இன்னும் ஓடிட்டுக் கெடக்குது பாருங்க."

நான் சிரித்துவிட்டுச் சொன்னேன்: "அது சும்மா அழகுக்குப் படம்க்கா. கணக்கு வேற."

அவர் சிரிக்கவில்லை. "நிக்கிற தறிய ஓடுதுன்னு காட்டுற பொட்டி, கணக்க மட்டும் சரியாக் காட்டுமுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தார் மாற்றப் போய்விட்டார். நண்பர்களே, எத்தனையோ டிசைன் ரிவியூவில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு கூர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை. ஆனால் அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் துணி இறக்கினோம். பெட்டியில் 100 மீட்டர், அளந்தால் 99. தறியில் இழுவையில் இருக்கும் துணி கீழே இறங்கினால் கொஞ்சம் சுருங்கும் என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல. அதற்கான கழிவு போகத்தான் இந்தக் குறை. அடுத்த பீஸிலும் அதே ஒரு மீட்டர். மூன்றாவதிலும் அதே. அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார், "ஏனம்மிணி, தெனமும் ஒரு மீட்டர் கொறையுதே?"

"நான் துணிய மென்னு தின்னுட்டனுங்களா?"

அவ்வளவுதான் பேசினார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. நான் அப்போதும் என் பெட்டியைச் சந்தேகிக்கவில்லை. படித்தவன் செய்தது, திரையெல்லாம் இருக்கிறது, அது எப்படித் தப்பாகும்?

மூன்றாம் நாள் அந்தத் தறியை ஓட்ட நானே நின்றேன். ஓட்டத் தெரியாதவன் ஓட்டினால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஊடை அறுந்தால், தப்பாக விழுந்த பிக்கை எடுக்கக் கைச்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். பிறகு மறுபடி முன்னால். காந்தம் பின்னால் போகும்போதும் சென்சாரைக் கடக்கிறது, வரும்போதும் கடக்கிறது. என் பெட்டி இரண்டையும் கூட்டுகிறது! ஒவ்வொரு முறை தார் தீர்ந்து நிற்கும்போதும் இரண்டு, மூன்று, நான்கு என்று பொய் எண்ணிக்கை. போதாததற்குச் சென்சார் கம்பியை மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். பக்கத்துத் தறி மோட்டாரைப் போடும்போது, அணைக்கும்போது அதிலிருந்தும் ஒன்று, இரண்டு. நூறு மீட்டர் முடிவதற்குள் இவையெல்லாம் சேர்ந்து 1700ஐத் தொட்டுவிடும். அதாவது ஒரு மீட்டர். எந்தத் துணியும் குறையவில்லை. இல்லாத துணியை என் பெட்டி நெய்திருக்கிறது.

அன்று சாயங்காலமே அப்பாவும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். "தப்பு எம்மேலதான்க்கா" என்று சொன்னேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். பிறகு, "முன்னாடியே சொன்னேன்ல தம்பி, நிக்கிறப்பவும் ஓடுதுன்னு" என்றார்.

அதன் பிறகு பெட்டியை முழுதாகப் பிரித்தேன். இரண்டு சென்சார் வைத்தேன். காந்தம் ஒரு கணம் இரண்டையும் சேர்த்து மூடும்படி நெருக்கமாக வைக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். முதலாவதில் நுழைந்து இரண்டாவதில் வெளியேறினால் ஒன்று கூட்டு. இரண்டாவதில் நுழைந்து முதலாவதில் வெளியேறினால் ஒன்று கழி. நுழைந்த வழியே திரும்பினாலோ, ஒன்று மட்டும் துடித்தாலோ, கணக்கில் சேர்க்காதே. மோட்டாரின் பொய்த் துடிப்பு இந்த வரிசையில் வராது. அதனால் தானாகவே அடிபட்டுப் போகும். கம்பியையும் முறுக்கி, உறையிட்ட கேபிளாக மாற்றி, மோட்டார் கம்பியை விட்டு விலக்கினேன்.

படத்தையும் மாற்றினேன். முன்பு நாடா தன் போக்கில் ஓடியது. அதற்கும் தறிக்கும் சம்பந்தமே இல்லை. இப்போது எண் ஒற்றைப்படை என்றால் திரையில் நாடா வலப்பக்கப் பெட்டியில்; இரட்டைப்படை என்றால் இடப்பக்கத்தில். தொடக்கத்தில் ஒரு பட்டனை அழுத்தித் தறியோடு ஒத்துவைத்துவிட்டால் போதும். தறி நின்றால் படமும் நிற்கும். சக்கரத்தைப் பின்னால் சுற்றினால் திரையிலும் நாடா பின்னால் போகும். தறியில் நாடா வலப்பக்கம் நிற்கும்போது திரையில் இடப்பக்கம் இருந்தால், கணக்கு எங்கோ தவறிவிட்டது என்று பொருள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இது வேறு பெயரில் தெரியும். பேரிட்டி பிட்! ஒரு பிழை வந்தால் பிடிக்கும். இரண்டு சேர்ந்து வந்தால் தப்பிவிடும் என்று தேர்வில் எழுதுகிறீர்களே, அதுவேதான். ஆனால் இங்கே அதைச் சரிபார்ப்பது இன்னொரு சிப் அல்ல. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தறியையும் திரையையும் பார்க்கிற ஒரு மனுசி. முதல் பிழையிலேயே கண்ணில் பட்டுவிடும்.

இந்த வேலைக்குப் பிறகுதான் ஒரு பழைய செய்தி எனக்குப் புதிதாகப் புரிந்தது. ஓடுகிற குதிரையின் நான்கு குளம்பும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகிறதா என்ற கேள்விக்காக, லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு என்பவரின் செலவில் 1878ல் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படமெடுத்தார். எழும்புகிறது என்று நிரூபணமானது. சினிமாவுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் படங்கள் அவை. எடுத்தது வேடிக்கைக்கு அல்ல, சாட்சிக்கு. பின்னால்தான் வேடிக்கை வந்தது. நம் கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் படக்கருவி வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டி, 1914ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தப் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. வேடிக்கை தப்பில்லை. ஆனால் கருவியின் முகத்தில் வைக்கிற படம் சாட்சி சொல்கிற படம். அது பொய் சொல்லக் கூடாது. கம்ப்யூட்டரில் உருளும் வட்டத்தைப் பார்த்து "வேலை நடக்குது" என்று எத்தனை முறை ஏமாந்திருக்கிறோம்! உள்ளே எல்லாம் நின்றுபோயிருக்கும். வட்டம் மட்டும் சுற்றும்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம் பக்கத்துச் சூலூரை அடுத்த கலங்கலில் 1893ல் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்களின் கதை உங்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை வாங்கி, முதல் வேலையாகக் கழற்றிப் போட்டுப் பார்த்தவர். பிறகு 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். அடுத்தவர் செய்ததைக் கழற்றுவதற்கு ஆர்வம் போதும். நாமே செய்ததைக் கழற்றுவதற்குக் கொஞ்சம் வெட்கமும் பட வேண்டியிருக்கிறது. எனக்கு ஏழு மாதத்தில் பாதி அந்த வெட்கத்துக்கே போனது.

ஆகவே ப்ராஜெக்ட் செய்கிற தம்பி தங்கைகளே, வைவாவுக்கு வரும் எக்ஸாமினருக்கு முன்னால், அந்த மெஷின் பக்கத்தில் தினமும் நிற்பவரிடம் உங்கள் பெட்டியைக் காட்டுங்கள். அவர் சொல்கிற முதல் குறையைச் சிரித்துத் தள்ளாதீர்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்கா இப்போதும் அதே தறியில்தான் இருக்கிறார். பெட்டியும் அதே இடத்தில் இருக்கிறது. இந்த உரைக்காக இரண்டு நாள் இரவல் கேட்டபோது, "வெரசாக் கொண்டாந்து மாட்டிருங்க தம்பி" என்றார். மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பார்த்தேன். மாற்றுகிற ஒவ்வொரு தாருக்கும் அவர் சாக்பீஸில் போட்ட கோடுகள், ஐந்து ஐந்தாக. அந்தப் பழக்கத்தை அவர் விடவே இல்லை.

"இது இன்னும் எதுக்குங்க்கா?" என்று கேட்டேன்.

"அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்றார்.

அந்தக் கோடுகளை அழிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளைக் காலை ஷிப்டுக்குள் பெட்டியைத் திரும்ப மாட்டியாக வேண்டும்.