தொகுத்தோரும் இயற்றியோரும்



குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. பாடியவர் பெயர் தெரியாத இடத்தும் பாட்டில் வரும் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என வழங்கியது பழந்தமிழ் மரபு. தொகுப்பு என்றால் இயற்றியவனைக் கைவிடாமை. இம்மரபுக்கு நெருங்கிய உறவு ஒன்று, எதிர்பாராத இடமாகிய கணிப்பொறி உலகில் தென்படுகிறது.

1990களின் முற்பகுதியில் மேசைக் கணிப்பொறிகளில் பரவலாக இருந்தது விண்டோஸ் 3.1. இணையத்தோடு பேசும் ஆற்றல் அதனுள் அமைந்திருக்கவில்லை. அவ்வாற்றலைத் தந்தவற்றுள் பெயர்பெற்றது டிரம்பெட் வின்சாக் என்னும் சிறு மென்பொருள். இயற்றியவர் ஆஸ்திரேலியாவில் தாஸ்மேனியாவைச் சேர்ந்த பீட்டர் டாட்டம். மோசைக், நெட்ஸ்கேப் ஆகிய உலாவிகளும் யுடோரா என்னும் அஞ்சல் மென்பொருளும் இத்தகைய அடித்தளத்தின்மேல்தான் இயங்கின. இவற்றுக்குப் புதுப்புதுப் பதிப்புகள் வந்தவண்ணம் இருந்தன. எது புதியது, எது நல்லது, எங்கே கிடைக்கும் என்று அறிவதே பெரும்பாடாயிற்று. இணையத்தில் நுழைவதற்கான மென்பொருளே இணையத்தில்தான் இருந்தது என்பது வேடிக்கை. நண்பர் தரும் நெகிழ்வட்டே பலருக்கு முதல் வாயில்.

இந்நிலையில் 1993இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் ஸ்காட் ஸ்வெடோர்ஸ்கி என்பவர் தொடங்கிய தொகுப்பே டூகவ்ஸ். நீண்டதோர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் கூடிய பெயர். காதில் விழுவதோ ‘இரு பசுக்கள்’. எனவே தரத்தையும் பசுக்களாலேயே அளந்தனர். ஐந்து பசுக்கள் பெற்றது தலைசிறந்தது. நகைப்பு வரலாம்; ஆயினும் அது திறனாய்வே. ஃபாரஸ்ட் ஸ்ட்ரௌட் என்பவரின் பட்டியலோ மென்பொருள்களுக்கு மதிப்புரையே எழுதியது. பதிப்பு எண், உரிமநிலை, ஆக்கியோன் யார் என்பவை இத்தகைய பட்டியல்களில் இடம்பெற்றன. நம் கவிதைத் தொகுப்புகள் சிலவற்றில் இத்தனை நேர்மை இல்லை.

பட்டியலுக்கு வெளியே நிலைமை வேறு. டாட்டத்தின் மென்பொருள், பயன்படுத்திப் பார்த்துப் பின் விலை அனுப்புக என்ற நம்பிக்கையில் வழங்கப்பட்டது. எங்கும் படி எடுத்தனர். விலை அனுப்பாதவர் பலர். ஆஸ்திரேலிய இணைய நிறுவனம் ஒன்று அவர் இசைவின்றி இதழோடு வட்டாகவே பரப்பியது. வழக்கு எழுந்தது, பதிப்புரிமை மீறப்பட்டதென்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அதற்குள், 1995இல் வந்த விண்டோஸ் 95 இணைய ஆற்றலைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. வின்சாக்கின் தேவை குறையலாயிற்று. உரிமை நிலைநாட்டப்பட்ட வேளையில் சந்தை போய்க்கொண்டிருந்தது. 2011இல், அந்நாளில் விலை தராது பயன்படுத்தியோர் சிலர் நினைவு வந்தவராய் டாட்டத்துக்கு நன்கொடை அனுப்பினர். காலம் தாழ்ந்த பரிசில்.

டூகவ்ஸ் நிறுவனம் இணையப் பெயர்ப் பதிவு முதலிய தொழில்களுக்கு மாறி, 2021 ஜனவரியில் மென்பொருள் வழங்கும் பகுதியை மூடிவிட்டது. திரட்டிய பழைய மென்பொருள்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் மின்காப்பகத்தில் தனித்தொகுப்பாக இருக்கின்றன.