மேகம் தரையில்தான் இருக்கிறது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

  2012-ல் மின்னியல் பிரிவில் படிப்பை முடித்தவன் நான். இப்போது சென்னையை அடுத்த சிறுசேரியில் ஒரு டேட்டா சென்டரில் வேலை.

"கிளவுட் கம்ப்யூட்டிங் காலத்தில் டேட்டா சென்டரின் பங்கு" என்று தலைப்புக் கொடுத்தார்கள். இதை என்னிடம் முதலில் கேட்டவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் சித்தப்பா. 2021 ஜனவரியில் ஸ்பைசஸ் போர்டு ஏலக்காய் ஏலத்தைக் கிளவுட் முறைக்குக் கொண்டுவந்தது. போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் ஒரே நேரத்தில் ஒரே சரக்குக்கு விலை கேட்கலாம். சித்தப்பா போன் போட்டார்: "ஏம்ப்பா, ஏலத்தை மேகத்துல நடத்துறாங்களாம். மழை பெஞ்சா சரக்கு நனையாதா?" வேடிக்கையாகத்தான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

நம் ஊர் பாஷையிலேயே சொல்கிறேன். முன்பெல்லாம் ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு ஏ.சி. அறை, அதற்குள் சொந்த சர்வர். அது சொந்தக் கிணறு மாதிரி. தூர் வாருவதும் நம் பாடு, மோட்டார் எரிந்தால் அதுவும் நம் பாடு. கிளவுட் என்பது அணைத் தண்ணீர். தேவைக்கு எடுத்துக்கொள்கிறோம், எடுத்ததற்குக் காசு கொடுக்கிறோம். 1895 முதல் முல்லைப் பெரியாறு தண்ணீர் மலையைக் குடைந்து வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. வாய்க்காலைப் பார்க்கிறோம், அணை கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த அணைதான் டேட்டா சென்டர்.

2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பணப் பரிமாற்ற விவரங்களை இந்தியாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தேனி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு போனில் ஸ்கேன் பண்ணிக் காசு கொடுத்தால், அந்தக் கணக்கும் இந்த நாட்டில் ஏதோ ஒரு கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் சென்னையில் இத்தகைய கட்டடங்கள் பெருகிவிட்டன. அவை குடிக்கும் மின்சாரமும் கொஞ்சமல்ல. 2024-ல் உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனதாகச் சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. குளிரூட்டத் தண்ணீரும் வேண்டும். தண்ணீரின் அருமை தெரிந்த நம் பிள்ளைகள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இனி, நான் வெளியில் அதிகம் சொல்லாத ஒன்று. 2016 டிசம்பர் 12. வர்தா புயல். அப்போது நான் வேறொரு நிறுவனத்தில் இருந்தேன், பெயர் வேண்டாம். மதியம் மின்சாரம் போயிற்று. பேட்டரி சில நிமிடம்தான் தாங்கும், அதற்குள் ஜெனரேட்டர் சுமையை ஏற்க வேண்டும். மூன்று போதும், நான்காவது உபரி. நான்கும் கிளம்பின. சுமை ஏறியதும் ஒன்று திணறி நின்றுவிட்டது. டீசல் ஃபில்டரில் அடைப்பு. மாதாமாதம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த மாதம் நான் சும்மா ஓட்டிவிட்டு, லாக் புக்கில் "லோடு கொடுத்தேன், சரி" என்று கையெழுத்துப் போட்டிருந்தேன்.

சாலையெல்லாம் மரம் விழுந்து டீசல் லாரி வர வழியில்லை. இன்னொன்று நின்றிருந்தால் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை விவரங்களும் சேர்ந்து நின்றிருக்கும். இரவு முழுக்க ஃபில்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது குளிரால் இல்லை. காலையில் மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். வேலை போகவில்லை, பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போயிற்று. அது நியாயம்தான்.

அந்த இரவில் எனக்கு நம் மெஷின்ஸ் லேப் ஞாபகம் வந்தது. மீட்டரைப் பார்க்காமல் பக்கத்து டேபிள் ரீடிங்கை எழுதி, கிராஃப் போட்டு நீட்டினேன். சார் நோட்டைத் திருப்பித் தந்து, "பாக்காத ரீடிங்கை எழுதாதேப்பா, ஒருநாள் அது உன்னைத் தேடி வரும்" என்றார். தேடி வந்தேவிட்டது, சார்! (முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.)

தம்பி தங்கைகளே! கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டுமே இந்தத் துறை என்று நினைக்காதீர்கள். மின்னியல், இயந்திரவியல், ஏ.சி., தீயணைப்பு என்று எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. தகவலை ஒரே இடத்தில் வைக்காமல் இன்னொரு ஊரில் நகல் வைப்பது, பழுது வரும் முன் சோதிப்பது, சோதித்ததை உள்ளபடி எழுதுவது, இம்மூன்றும் அங்கே உயிர்நாடி. மூன்றாவதை இந்தக் கல்லூரி லேபிலேயே பழகிக்கொள்ளலாம். டிசம்பர் விடுமுறையில் டேட்டா சென்டரை நேரில் பார்க்க விரும்பும் மாணவர்கள் துறைத் தலைவரிடம் பெயர் கொடுங்கள். நானே அழைத்துச் சென்று காட்டுகிறேன்.

சித்தப்பாவுக்குக் கடைசியில் சொன்னது இதுதான்: "மழை பெஞ்சா ஒண்ணும் ஆகாது சித்தப்பா. மடையைப் பாத்துக்கிற ஆளு முழிச்சிருந்தா போதும்."