நெருப்பில்லாமல் இணையும் உலோகங்கள்



செபராங் பிறையில் ஒரு காலத்தில் கரும்பும், பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. புக்கிட் தெங்கா, பிறை, ஜூரு ஆகிய இடங்களில் வசிக்கும் நம்மவர் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். இயந்திரத்தின் பொத்தானை அழுத்தப் பழக ஒரு வாரம் போதும். ஆனால், அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்தவரே அந்த வேலையில் மேலே ஏற முடியும். அந்த நோக்கத்தோடு, காந்த விசையைக் கொண்டு உலோகங்களை இணைக்கும் ஒரு முறையைப் பற்றி இன்று பேசுவோம். இதற்குக் காந்தத் துடிப்புப் பற்றவைப்பு என்று பெயர்.

பற்றவைப்பு, அதாவது வெல்டிங் என்றதும் தீப்பொறியும் புகையும் கறுப்புக் கண்ணாடியும் நம் நினைவுக்கு வரும். இரும்போடு இரும்பை இணைக்க அந்த முறை நன்றாக உதவும். செம்பையும் அலுமினியத்தையும் அப்படி இணைக்கப் பார்த்தால் தொல்லைதான். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். செம்பு உருகுவதற்கு 1,085 பாகை வேண்டும். இரண்டையும் ஒன்றாக உருக்கிச் சேர்த்தாலோ, நடுவில் கண்ணாடி போல் நொறுங்கும் ஒரு கலவை உண்டாகிவிடுகிறது.

சரி, உருக்காமல் சேர்க்க முடியாதா? முடியும். அதற்கு முதலில் ஒரு தடையை நீக்க வேண்டும். காற்றுப்பட்ட உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடுத் தோல் படர்ந்திருக்கிறது. இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொடாதபடி இந்தத் தோல் இடையில் நிற்கிறது. இதை அகற்றி, புதிய பரப்பைப் புதிய பரப்போடு பலமாக அழுத்தினால் உலோகங்கள் ஒட்டிக்கொள்ளும். பழைய கொல்லர்கள் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அவர்கள் இரண்டு இரும்புத் துண்டுகளை உலையில் வெள்ளையாகக் காய்ச்சி, மணலையோ வெங்காரத்தையோ தூவி, சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். அழுக்கு உருகித் தெறிக்கும். இரும்பும் இரும்பும் சேரும். நாம் பேசும் புதிய முறையும் ஒரு சம்மட்டி அடியே. அந்தச் சம்மட்டி கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

"காந்தம் இரும்பைத்தானே இழுக்கும்? அலுமினியத்தை அது என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். திரைச்சீலை மாட்டும் அலுமினியக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, அதனுள் சிறிய, வலுவான காந்தம் ஒன்றைப் போடுங்கள். காந்தம் தடாலென்று விழாமல், யாரோ பிடித்து இறக்குவது போல் மெல்ல இறங்கும். நகரும் காந்தம் குழாயினுள் மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்த மின்சாரம் தனக்கென ஒரு காந்தப் புலத்தை உருவாக்கி, வரும் காந்தத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. மாறும் காந்தப் புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். சோதனை முடிந்ததும் அந்தக் காந்தத்தைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்; விழுங்கிவிட்டால் பேராபத்து.

இனி இயந்திரத்துக்கு வருவோம். சிறு குழாயில் இரவெல்லாம் நிரம்பிய தண்ணீர்த் தொட்டியின் மடையை ஒரே தடவையில் திறந்தால் வெள்ளம் எப்படிப் பாயும்? அதைப்போல, மின்தேக்கிகள் சில விநாடிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் அளவுக்கு மின்னாற்றலைச் சேர்த்து வைக்கின்றன. பின்பு அது ஒரே கணத்தில் செம்புச் சுருள் வழியே பாய்கிறது. அந்தக் கணம் எவ்வளவு சிறியது? ஒரு விநாடியை லட்சம் கூறாக்கினால், அவற்றில் சில கூறுகளே. மின்னோட்டமோ லட்சக்கணக்கான ஆம்பியர்.

சுருளுக்குள் ஓர் அலுமினியக் குழாய். அதனுள் சிறு இடைவெளி விட்டு ஒரு செம்புத் தண்டு. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் குழாயில் எதிர்த்திசை மின்சாரம் எழுகிறது. எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே குழாய் உட்புறமாகச் சுருங்கி, விநாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் தண்டின்மேல் மோதுகிறது. காற்றில் ஒலி செல்லும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் முழுவதும் ஒரே நேரத்தில் மோதுவதில்லை. ஓரிடத்தில் தொட்டு, பாய் விரிவது போல் சாய்வாகத் தொட்டுக்கொண்டே செல்கிறது. அப்போது ஆக்சைடுத் தோல் பீய்ச்சியடித்து வெளியேறுகிறது. புதிய பரப்புகள் பெரும் அழுத்தத்தில் சேர்கின்றன. அந்த இணைப்பை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், பல வேளைகளில் கடலலை போன்ற நெளிவு தெரியும். நல்ல இணைப்பை இழுத்துச் சோதித்தால், இணைப்பு விடுவதில்லை. பலங்குறைந்த உலோகமே வேறோரிடத்தில் கிழியும்.

இம்முறை அணு உலை எரிபொருள் குழாய்களின் முனையை அடைப்பது குறித்த ஆராய்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையது. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் இதில் ஆய்வு செய்துள்ளது. மோட்டார் வாகன உறுப்புகள், செம்பும் அலுமினியமும் சேரும் மின் இணைப்புகள் ஆகியவற்றுக்கும் இது ஏற்றது. மின்சாரக் கார்களில் எடை குறைக்க அலுமினியக் கம்பிகளை நாடுவதால் இதன் தேவை கூடுகிறது.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. வெளியே இருக்கும் உலோகம் மின்சாரத்தை நன்றாகக் கடத்த வேண்டும். சுருள் அடிக்கடி தேய்ந்து பழுதாகும். இயந்திரத்தின் விலையும் அதிகம்.

புகை இல்லை, தீப்பொறி இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மின்விசையை நிறுத்திய பின்னும் மின்தேக்கிக்குள் உயிரைக் குடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை முறைப்படி வெளியேற்றி, தரையோடு இணைத்த பின்னரே தேர்ந்தவர் கை வைக்க வேண்டும். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் அருகில் நிற்கக் கூடாது. வெடிபோல் ஓசை எழுவதால் காதுக் கவசமும் தேவை.

இதில் நம் வீட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் வெறுமனே முறுக்கி இணைக்காதீர்கள். ஈரம் பட்டால் அந்த இடம் அரிக்கும்; இணைப்பு தளர்ந்து சூடேறும்; தீயும் பிடிக்கலாம். அதற்கென்றே உள்ள இணைப்பியைக் கொண்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரே அதைச் செய்ய வேண்டும்.

பெற்றோர்களே! கணக்கும் அறிவியலும் தேர்வுக்கு மட்டும் உரியவை என்று பிள்ளைகள் நினைக்க விடாதீர்கள். காந்தம் ஏன் மெல்ல இறங்கியது என்று கேட்கும் பிள்ளையே நாளை இயந்திரம் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிடைத்த வேலைக்கு ஓடாமல், தொழிற்பயிற்சி பெற வழி செய்யுங்கள். பினாங்கில் 1989இல் நிறுவப்பட்ட திறன் மேம்பாட்டு மையம் போன்ற இடங்களைப் பற்றி விசாரியுங்கள். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் விசாரியுங்கள்.