நினைவாற்றலுக்கு மின்சாரம் துணையாகுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. மருத்துவக் கருவிகளுக்கு மின்சுற்று அமைக்கும் இன்ஜினீயர். போன மாதம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "தலையில மாட்டுற மிஷினாமே தம்பி, ஞாபகசக்தி வருமாம். பரீட்சைக்கு வேணும்னு பேரன் கேக்கிறான். வாங்கலாமா?" அதன் விலை அவருடைய பல நாள் கூலி. அந்தக் கேள்விக்கு உங்கள் முன்னால் பதில் சொல்கிறேன்.

மூளையே மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் நினைவு எழும் என்பதும் கட்டுக்கதை அல்ல. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை நிபுணர், வலிப்பு நோயாளிகளை விழித்த நிலையில் வைத்து மூளையின் பக்கப் பகுதியை மின்முனையால் தொட்டார். சிலருக்குப் பழைய பாட்டு கேட்டது. பழைய காட்சி தெரிந்தது. ஆனால் 1963இல் வெளியான கணக்கைப் பாருங்கள்: 520 பேரில் 40 பேருக்குத்தான் அப்படி நடந்தது!

2008இல் டொரான்டோவில் ஒரு வேடிக்கை நடந்தது. உடல் பருமனைக் குறைக்க ஒருவருக்கு மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்தார்கள். அவருக்கோ, 30 ஆண்டுக்கு முந்தைய ஒரு பூங்காக் காட்சி நினைவுக்கு வந்தது. மின்சாரத்தைக் கூட்டக் கூட்டக் காட்சி தெளிவானது. சரி, மறதி நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று நம்பி, அல்சைமர் நோயாளிகள் 42 பேரிடம் சோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தது. மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

ஏன் இப்படி? நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைத் தறியை வைத்தே சொல்லிவிடலாம். பாவு விரிந்திருக்கும்போது நாடா போனால் ஊடை விழும். மூடும் நேரத்தில் போனால் இழைதான் அறும். நாடாவை எவ்வளவு பலமாக வீசினோம் என்பதா முக்கியம்? எப்போது வீசினோம் என்பதுதானே!

மூளையும் ஏறக்குறைய அப்படித்தான். 2016இல் வந்த ஓர் ஆய்வில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் நேரடியாக மின்சாரம் செலுத்தியபோது நினைவு குறைந்தது. 2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கஹானா குழுவினர் வேறு வழி கண்டார்கள். மூளை தடுமாறும் நொடியைக் கணினி கண்டுபிடிக்க, அப்போது மட்டும் வேறோர் இடத்தில் மின்சாரம் கொடுத்தார்கள். 25 நோயாளிகளிடம் சொற்களை நினைவுகூர்வது சுமார் 15 சதவீதம் கூடியது. ஆனால் இவர்கள் எல்லாம் வலிப்புச் சிகிச்சைக்காக மண்டைக்குள் மின்முனை வைத்திருந்தவர்கள்.

மண்டையைத் திறக்காமல் முடியாதா? 2022இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 65 முதல் 88 வயது வரையுள்ள 150 பேரிடம், தினம் 20 நிமிடம், நான்கு நாள் மெல்லிய மின்னலை செலுத்தினார்கள். சொற்பட்டியல் நினைவு மேம்பட்டது. பலன் ஒரு மாதம் நின்றது. ஆனால் அலைவரிசையையும் இடத்தையும் மாற்றிப் போட்டபோது அந்தப் பலன் இல்லை. கவனியுங்கள், அவர்கள் முதியவர்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகள் அல்லர்.

இன்னொரு பக்கமும் உண்டு. கீழ்ப்பாக்கம் என்றாலே 'ஷாக்' என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. கடும் மனச்சோர்வில் உயிர் காக்கும் சிகிச்சை அது. மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சிகிச்சையில் சிலருக்கு அண்மைக்கால நினைவுகள் மறந்துபோகின்றன. ஆக, மின்சாரம் நினைவைக் கொடுக்கவும் செய்யும், எடுக்கவும் செய்யும்.

அதனால் அந்தப் பெரியவரிடம், "வாங்காதீங்க அய்யா" என்றேன். எந்த இடம், எந்த அலை, எந்த நேரம் என்று தெரியாமல் தலையில் மாட்டுவது இருட்டில் நாடா வீசுவது போல. வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. வீட்டில் அப்பா அம்மாவுக்கு மறதி வந்தால், மிஷினைத் தேடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம்.

தம்பி தங்கைகளே, வரதராஜர் கோயில் கோஷ்டியில் ஆயிரக்கணக்கான பாசுரங்களைப் பார்க்காமல் சொல்கிறார்களே, எப்படி? இடைவெளி விட்டு, புத்தகத்தை மூடி, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துத்தான். நன்றாகத் தூங்குங்கள், படித்தது பதிவது தூக்கத்தில்தான். இதற்குக் காசு இல்லை, கரண்ட்டும் வேண்டாம்.