இலவச சாஃப்ட்வேரும் எங்கள் கோயில் கதவும்

(பழைய மாணவர் சந்திப்பில் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"உன் தொழிலைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசு" என்றார் சங்கச் செயலாளர். என் தொழில் சி.என்.சி. மெஷினுக்குப் புரோகிராம் எழுதுவது. கேட்-கேம் என்று சேர்த்துச் சொல்கிறோமே, அதில் இரண்டாவது. படத்தை கேட் வரையும். அந்தப் படத்தை வெட்ட டூல் எந்த வழியில் போகவேண்டும் என்பதை கேம் சொல்லும். இந்த கேம் சாஃப்ட்வேர்களில் இலவசமாகக் கிடைப்பவை உண்டு. அவற்றை வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள், நான் என்ன சொன்னேன் என்பதைத்தான் பேசப்போகிறேன்.

பௌர்ணமியன்று கிரிவலம் போயிருப்பீர்கள். 14 கிலோமீட்டரில் எத்தனை இடத்தில் அன்னதானம்! தொன்னையை வாங்கியவுடன் "புளி கொஞ்சம் கம்மி" என்பவர் ஒருவர். "சும்மா கொடுக்கிறதுல என்னய்யா குறை சொல்றே" என்று அவரை அதட்டுபவர் இன்னொருவர். இலவச சாஃப்ட்வேர் விஷயத்திலும் இந்த இரண்டு குரல்தான். ஒரு வித்தியாசம் உண்டு. சாப்பிட்ட பொங்கல் வயிற்றோடு போயிற்று. சாஃப்ட்வேரை, கை பாதியில் இருக்கும்போதே இலையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்.

2020-இல் அதுதான் நடந்தது. ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஃப்யூஷன் 360 என்ற சாஃப்ட்வேரை, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு இலவசமாகக் கொடுத்துவந்தது. இன்று அதன் பெயர் வெறும் ஃப்யூஷன். அந்த வருஷம் செப்டம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. அக்டோபர் 1 முதல் இலவசப் பதிப்பில் ஒரே சமயத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தமுடியும், டூல் தானாக மாறும்படி புரோகிராம் வராது, மூன்று அச்சுக்கு மேல் கிடையாது, ராப்பிட் கிடையாது.

ராப்பிட் என்றால் என்ன என்று மற்ற துறைக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டூல் மரத்தைத் தொடாமல் மேலே தூக்கி அடுத்த இடத்துக்குப் போகும்போது முழு வேகத்தில் பறக்கும். அதுதான் ராப்பிட். அதை எடுத்துவிட்டால் வெறும் காற்றிலும் வெட்டுகிற வேகத்தில்தான் ஊர்ந்து போகும். ஒரு கணக்கு பாருங்கள். 300 மில்லிமீட்டர் தூரம், நிமிஷத்துக்கு 15 மீட்டர் வேகம் என்றால் 1.2 விநாடி. வெட்டும் வேகம் 2 மீட்டர் என்றால் 9 விநாடி. ஒரு பலகையில் இப்படி 400 தடவை தூக்கினால் 8 நிமிஷ வேலை 60 நிமிஷம் ஆகும். வேலை நின்றுவிடாது, மனுஷன் பொறுமைதான் போகும்.

உலகம் முழுக்கக் கூச்சல். "பழக்கிவிட்டுக் காசு கேட்கிறான்" என்றார்கள். சிலர் ராப்பிட்டைத் திரும்பச் சேர்க்கிற குட்டி புரோகிராம்களை எழுதிப் பகிர்ந்தார்கள். சிலர் பேசாமல் சந்தா கட்டினார்கள். எதிர்ப்பு வீண்போகவில்லை. ஸ்டெப் வடிவத்தில் கோப்பை வெளியே எடுக்கும் வசதியையும் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தவர்கள், அதை மட்டும் சில நாளில் வாபஸ் வாங்கினார்கள். எனக்கு அந்தச் சண்டையில் முக்கியமாகப் பட்டது அந்த ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு அது புரியவில்லை. அம்பத்தூர் வேலையை விட்டு, ஊரடங்கில் ஊரோடு வந்து உட்கார்ந்திருந்த நேரம். வீட்டில் கற்றுக்கொள்ள அதைத்தான் வைத்திருந்தேன். நானும் கோபமாக நாலு வரி எழுதி அனுப்பினேன். ராப்பிட்டைப் பற்றித்தான்!

இப்போது கதவுக்கு வருகிறேன். என் தாய்மாமா பரம்பரைத் தச்சர். வேட்டவலம் சாலைப் பக்கம் பட்டறை. அவருடைய மகன் ஒரு சி.என்.சி. ரௌட்டர் வாங்கிப்போட்டு பூஜை அறைக் கதவுகள் செய்துவந்தான். அதற்கு ஆர்ட்கேம் என்ற சாஃப்ட்வேர், கிராக் செய்த காப்பி. சபையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே சிரிக்கிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தவர்கள்தான். ஆர்ட்கேம் இங்கிலாந்தின் டெல்கேம் நிறுவனத்துடையது. 2014-இல் ஆட்டோடெஸ்க் கைக்கு வந்தது, 2018-இல் விற்பனையை நிறுத்தினார்கள். பிறகு கார்வெகோ என்ற பெயரில் வேறொரு நிறுவனம் அதை எடுத்து நடத்துகிறது. நிறுத்தினார்கள் என்ற செய்தி வந்தபோது என் மச்சான் கொதித்துப்போனான். "நம்ம சாஃப்ட்வேரை நிறுத்திட்டாங்கடா!" என்றான். அந்த 'நம்ம'வுக்கு அவன் ஒரு பைசா கொடுத்ததில்லை.

2021-இல் பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் கோயிலுக்குக் கதவு ஒப்புக்கொண்டோம். கும்பாபிஷேகத் தேதி குறித்தாகிவிட்டது. ஐந்து வாரம்தான் இருக்கும்போது பட்டறை கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. புது கம்ப்யூட்டரில் கிராக் ஏறவில்லை. காசு கொடுக்காதவன் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? மிஞ்சியது மெஷினில் செருகியிருந்த பென்டிரைவ். அதில் ஜி-கோடு மட்டும், லட்சக்கணக்கான வரி, எல்லாம் எக்ஸ், ஒய், இசட். அதை ஓட்டினால் பழைய கஜலட்சுமி அச்சு அசலாக வருவாள். ஊர்க்காரர்கள் கேட்டதோ அவர்களுடைய அம்மன், சிங்கத்தோடு. அந்த வரிகளிலிருந்து லட்சுமியை மாரியம்மனாக மாற்ற எந்த இன்ஜினியராலும் முடியாது.

என் லேப்டாப்பில் ஃப்யூஷன் இலவசப் பதிப்பு இருந்தது. "இதுல போட்டுடலாம் மாமா" என்றேன். அவர் படிக்காதவர். ஆனால் கேட்டார்: "ஏம்ப்பா மாப்ள, இது கூலி வேலைக்குப் போடலாம்னு அவன் எழுதிக் குடுத்திருக்கானா?" இல்லை. சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. "போன தடவ திருடி வாங்கி என்ன ஆச்சுன்னு பாத்தல்ல" என்று சொல்லிவிட்டு உளியைத் தீட்டப் போய்விட்டார்.

அப்போதுதான் ஃப்ரீகேட் பக்கம் வந்தேன். இது வேறு வகை. கட்டற்ற மென்பொருள் என்கிறோமே, அது. மூல நிரல் எல்லார் கையிலும் இருக்கிறது, கூலி வேலைக்கும் போடலாம், யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. பழக மூன்று நாள் தலைவலி. மெனு எங்கே இருக்கிறதென்று தேடியே ஒரு நாள் போனது. என்னைப்போலத் திட்டியவர்கள் நிறைய. 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தபிறகு எவ்வளவோ தேவலை. சட்டத்தின் காடி, கட்டம், துளை, விளிம்பு வேலையெல்லாம் அதில் சுத்தமாக முடிந்தது. சிலை மாதிரிப் புடைப்பு வேலை மட்டும் வரவில்லை. வரும் என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன்.

அம்மன் பலகை இரண்டையும் மாமாவே கையால் செதுக்கினார், பதினெட்டு நாள். கண் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ராத்திரியில் நானும் மச்சானும் மாற்றி மாற்றி லைட் பிடித்தோம். கும்பாபிஷேகத்துக்கு இரண்டு நாள் முன்னால் கதவு ஏறியது. மாமாவுக்கு வலது கை மணிக்கட்டு வீங்கி ஒரு மாதம் சாப்பாட்டைக்கூட ஸ்பூனால் சாப்பிட்டார். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

இப்போது பட்டறையில் புடைப்பு வேலைக்கு மாதச் சந்தா கட்டுகிறோம். மற்றதெல்லாம் ஃப்ரீகேட். எந்தப் படம் போட்டாலும் அன்றைக்கே ஸ்டெப் கோப்பு ஒன்று, புடைப்பென்றால் எஸ்.டி.எல். ஒன்று, வேறு டிஸ்கில் ஏற்றிவிட்டுத்தான் மச்சான் ஷட்டரை இறக்குகிறான்.

மாணவர்களுக்கு ஒரு விஷயம். உங்களுக்குக் கிடைக்கிற கல்வி லைசென்ஸ் படிக்கிறவரைக்கும்தான். சான்றிதழ் வாங்கிய மறுநாள் அதில் கூலி வேலை செய்யமுடியாது. இறுதியாண்டு புராஜெக்டை வேறு சாஃப்ட்வேரில் திறக்க முடிகிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள். நாளை காலை பத்து மணிக்கு பழைய ஒர்க்‌ஷாப்பில் இருப்பேன். துறைத் தலைவர் அனுமதி கொடுத்துவிட்டார். ஃப்ரீகேட்டில் ஒரு பலகை ஓட்டிக் காட்டுகிறேன். பென்டிரைவ் கொண்டுவாருங்கள், தயவுசெய்து வைரஸ் இல்லாததாக.