குடியிருக்க ஊர் தெரிதல்

(உடையார்பாளையத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறு குழந்தைகளையுடைய தம்பதிகள் குடியேறுதற்குரிய ஊரையும் தெருவையும் எவ்வாறு தெரிந்துகொள்ள வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். இவ்விஷயம் நம்மவர் இல்லங்களில் இன்று நாள்தோறும் வாதிக்கப்பட்டு வருவதேயாகும். மகன் உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னைக்கோ திருப்பூருக்கோ செல்கிறான். மருமகள் கைக்குழந்தையோடு பின்னே செல்கிறாள். சில மாதங்கள் கழிந்தபின், "வீடு நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா, ஆனால் அடுத்த வீட்டில் இருப்பவர் யாரென்றே தெரியவில்லை" என்று செய்தி வருகிறது. அந்த "ஆனால்" என்னும் சொல்லைப் பற்றியே இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன்.

குழந்தையை முன்னிட்டு ஊர் தெரிந்த ஒரு தந்தையின் வரலாறு நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் இவ்வூர்ச் சமஸ்தானத்தில் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். அவருடைய புதல்வரே 1855ஆம் வருஷத்திற் பிறந்த மகாமகோபாத்தியாய சாமிநாதையர். தந்தையார் செல்வரல்லர், மாதந்தோறும் வரும் சம்பளமும் அவருக்கு இல்லை. இராமாயணக் கதையை இசையோடு சொல்லி, ஊரார் மனமுவந்து அளித்ததைக் கொண்டு குடும்பம் நடத்தினார். அத்தகையவர் வேறொன்றையும் கருதாமல் சோறு கிடைக்கும் ஊரிலேயே தங்கிவிட்டிருந்தால் யார் குறை கூறுவார்? அவரோ மகனுக்குக் கல்வி கிடைக்கும் இடத்தையே நாடி ஊர்தோறும் பெயர்ந்தார். அரியலூரில் இருந்த காலத்தில் சடகோபையங்கார் அச்சிறுவருக்குத் தமிழிற் சுவை உண்டாக்கினார். குன்னத்திற் சிதம்பரம் பிள்ளையும், கார்குடியிற் கஸ்தூரி ஐயங்காரும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரும் அடுத்தடுத்துக் கற்பித்தார்கள். பின்பு 1871இல் மாயூரத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது இத்தனை ஊர்ப் பயணங்களின் பயன்.

அன்பர்களே, அவ்வாசிரியர்களின் பெயர்களைச் சற்றே கவனியுங்கள். ஐயங்கார், பிள்ளை, ரெட்டியார். நம் சங்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்குச் சிறிது துணிவு வேண்டும். எனினும் சொல்லாமற் போவது சரியன்று. நம்மவர் வெளியூரில் வீடு பார்க்கப் போனால் முதலிற் கேட்கும் கேள்வி, "நம்மவர் தெருவா?" என்பதே. ஆபத்துக் காலத்தில் உறவினர் ஓடி வருவர் என்னும் எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. அதை நான் இகழவில்லை. ஆயினும் வேங்கடசுப்பையர் அக்கேள்வி ஒன்றையே கேட்டுக்கொண்டு திரிந்திருந்தால் குன்னத்துப் பிள்ளையையும் செங்கணத்து ரெட்டியாரையும் அவர் மகன் கண்டிருக்க மாட்டார். அக்காலத்திற் கல்வித் திண்ணைகள் எல்லா ஜாதிச் சிறுவர்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைத்தற்கில்லை. இன்று அவை திறந்தபின், நாமே வாயிலைச் சார்த்திக்கொள்வானேன்?

இனி, அச்சமின்றி வாழ்தல் பற்றி. வாயிற்காவலனையும் புகைப்படக் கருவியையும் வைத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டதாக நகரத்தார் பலர் நினைக்கின்றனர். நியூயார்க்கில் வசித்த ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் 1961இல் எழுதிய நூலில், தெருவைக் காப்பவை கடைக்காரரும் குடியிருப்போரும் இயல்பாகத் தெருவின்மேல் வைத்திருக்கும் கண்களே என்று வாதித்தார். நமக்கு இது புதிதன்று. திண்ணையில் அமர்ந்து, "யார் வீட்டுப் பிள்ளையடா நீ? வெயிலில் எங்கே போகிறாய்?" என்று அதட்டும் கிழவி செய்த வேலை அதுவே. வீடு புதுப்பிக்கும்போது திண்ணையை இடித்து உயர்ந்த மதிலை எழுப்புகிறோம், அழகுதான். அக்கிழவி எங்கே உட்காருவாள்?

ஆதலின் வீடு பார்க்கச் செல்வோர் ஞாயிற்றுக்கிழமை காலையிற் போய்ச் சுவரின் வர்ணத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடலாகாது. வேலை நாளில், விளக்கு வைக்கும் நேரத்திற் போக வேண்டும். பிள்ளைகள் தெருவில் விளையாடுகின்றனரா? பெண்கள் வாயிலில் நின்று பேசுகின்றனரா? மதுக்கடை எத்தனை தூரத்தில் இருக்கிறது? பதினான்கு வயதுப் பெண் மாலைப் பாடம் முடித்துத் தனியே நடந்து வரக் கூடுமா என்று அங்குள்ள தாய்மாரையே கேட்க வேண்டும். வீட்டுத் தரகர் இதற்கு விடை சொல்லார். ஆடவரும் பெரும்பாலும் அறியார். இக்காரணத்தால், வீடு தெரியும் காரியத்தில் முடிவு சொல்லும் உரிமை மருமகளுக்கு இருத்தல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பகல் முழுவதும் அத்தெருவில் குழந்தையோடு இருக்கப்போகிறவள் அவளே, மாமனார் அன்று.

பள்ளிக்கூட விஷயத்தில் நீண்ட பேச்சு வேண்டுவதில்லை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அருகிலுள்ள பள்ளியையே அடிப்படையாகக் கொண்டது. குழந்தை நடந்து போகக்கூடிய பள்ளி இருக்கையில், பெயருக்காகத் தொலைவிலுள்ள பள்ளியை நாடி, விடியுமுன் எழுப்பி வண்டியில் ஏற்றுவது எனக்கு உடன்பாடன்று. அங்கன்வாடி, நூல்நிலையம், குடிநீர், சாக்கடை இவற்றையும் நேரிற் பாருங்கள்.

வெளியூரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது முறையன்று. நம் ஊர் இளந் தம்பதிகளுக்கு ஏற்ற இடமா? பயறணீசுவரர் ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களில் குழந்தை வழி தவறினால் பெயர் சொல்லி அழைத்து வந்து விடுவார் இன்றும் உளர். நூறு வாடகை வீடுகளிலும் காண இயலாத செல்வம் அது. ஆனால் அரியலூர்ச் சீமையில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் சாலையில் விரைகின்றன. அச்சாலையைக் கடந்து பள்ளி செல்லும் குழந்தைக்கு நம் தெருவின் அன்பு எவ்வளவு தூரம் துணை வரும்? கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளும் இன்னும் இருக்கின்றன. மாலையில் இளந் தாய்மார் குழந்தைகளோடு கூடி இருக்கத்தக்க பொதுவிடம் ஒன்றும் வேண்டும்.

இவற்றுள் கிணறு நம்மால் ஆகும். அதற்கு அரசாங்கத்தை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. பள்ளி விடும் வேளையில் சாலையோரம் நிற்க ஓய்வு பெற்ற பெரியோர் நால்வர் முன்வந்தால் போதும். நானும் ஒருவனாக வரச் சித்தமாயிருக்கிறேன். மேலும், வெளியூர்களிற் குடியேறிய நம் பெண்கள், தாங்கள் வாழும் தெருவில் நீர், பள்ளி, மருத்துவர், அயலார் நிலை யாவும் எவ்வாறு என்பதை மறைக்காமல் எழுதியனுப்பினால், அடுத்துச் செல்லும் குடும்பத்திற்கு உதவும். அக்கடிதங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசைப்படுத்தி வைக்கும் பொறுப்பை மாதர் பகுதியார் ஏற்பதாயின், அடுத்த மாதக் கூட்டத்திலேயே தொடங்கலாம். நம்மவர் எத்தனை வீடு என்னும் கணக்கை அப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.