ஒளியில் துடிக்கும் குருத்தணு



தும்மலுக்கு உண்ட மாத்திரை நெஞ்சத் துடிப்பை நிறுத்தியது என்றால் நம்புவோர் சிலரே. ஆயினும் அது நிகழ்ந்தது. டெர்ஃபெனடின் என்னும் ஒவ்வாமை மருந்து 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பழைய மருந்துகளைப் போல உறக்கம் தராதது என்பதால் பலரும் அதனை விரும்பி உண்டனர். உடலினுள் சென்றதும் கல்லீரல் அதனை இதயத்திற்குத் தீங்கற்ற வேறொரு பொருளாக மாற்றிவிடும். எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்றவற்றை உடன் உண்டவர்களிடம் அம்மாற்றம் தடைப்பட்டது. மாறாத மருந்து குருதியில் பெருகி, இதய உயிரணுவிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயிலொன்றை அடைத்தது. ஒவ்வொரு துடிப்பிற்குப் பின்னும் உயிரணு ஓய்வு நிலைக்கு மீள அவ்வாயில் திறந்தாக வேண்டும். அடைபட்டால் மீளுதல் தாழ்க்கும். துடிப்பின் ஒழுங்கு குலையும். சிலர்க்கு உயிரே போகும். 1998இல் அம்மருந்து அந்நாட்டுச் சந்தையிலிருந்து நீங்கியது.

இத்தகைய தீங்கைச் சுண்டெலியிடம் கேட்டறிதல் அரிது. அதன் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ அறுநூறு முறை துடிப்பது; வளர்ந்த சுண்டெலியின் இதயத்தில் அந்தப் பொட்டாசிய வாயிலுக்கு வேலை மிகக் குறைவு. மனித இதயத்தின் உயிருள்ள அணுக்களோ எளிதிற் கிடைப்பவை அல்ல.

இந்நிலையை மாற்றியது கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் ஷின்யா யமனாக்கா குழுவினர் செய்த ஆய்வு. 2006இல் சுண்டெலியின் அணுக்களிலும், 2007இல் மனிதத் தோலணுக்களிலும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றைக் கருநிலை அணுக்களை ஒத்த தொடக்க நிலைக்குத் திருப்பினர். 2012இல் ஜான் கர்டனுடன் யமனாக்கா நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வணுக்களுக்கு உரிய வேதிக் குறிப்புகளை முறைப்படி அளித்தால், சில வாரங்களில் கிண்ணத்திலேயே இதய அணுக்களாகித் துடிக்கத் தொடங்கும்.

ஆங்கிலத்தார் இவ்வணுவிற்கு இட்ட பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தண்டணு என்பாரும் உளர். குருத்தணு என்பதே பொருந்தும். பனையும் தென்னையும் ஓலையும் பாளையும் ஈனுவது குருத்திலிருந்தே அன்றோ? குருத்து வெட்டுண்ட பனை பின் தழைப்பதில்லை என்பதைச் சிற்றூர்ச் சிறுவரும் அறிவர்.

கிண்ணத்தில் துடிப்பதைக் கண்டால் மட்டும் போதாது; உள்ளே நிகழ்வதை அளத்தல் வேண்டும். இதயத் தசை சுருங்கக் கால்சியம் தேவை என்பதைத் தவளையின் இதயத்தைக்கொண்டு 1883இல் காட்டியவர் இலண்டனில் பணியாற்றிய சிட்னி ரிங்கர். கால்சியத்தோடு சேர்ந்தால் ஒளிரும் சாயங்கள் இன்று உள்ளன. சாயமேற்றிய அணுக்களை விரைவுப் படக்கருவி நோக்கும்போது, ஒவ்வொரு துடிப்பிலும் ஒளி எழுந்து தாழ்கிறது. அது வரைகோடாகிறது. மருந்து சேர்ந்ததும் அக்கோடு நீளலாம். தாழுமுன் இடையே சிறு மேடொன்று முளைக்கலாம். அம்மேடே ஆபத்தின் முன்னறிகுறி.

ஒரு வாயிலை மட்டும் சோதித்தால் வெராபமில் என்னும் மருந்தும் குற்றவாளியாகிவிடும். பொட்டாசிய வாயிலை அதுவும் அடைக்கிறது. ஆனால் கால்சிய வாயிலையும் அடைப்பதால் தீங்கு ஈடுசெய்யப்படுகிறது. முழு அணுவை நோக்கும்போதுதான் இவ்விரண்டும் ஒருங்கே புலனாகும். 2018இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றில் பத்து ஆய்விடங்கள் 28 மருந்துகளை இவ்வணுக்களில் மின்முனைகளாலும் ஒளியாலும் சோதித்து, அவற்றின் ஆபத்தைப் பெரிதும் சரியாகவே வகைப்படுத்தின.

இதனினும் சிறந்தது 2016இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் வெளியிட்டது. டாக்சோரூபிசின் மார்பகப் புற்றைத் தணிக்கும். சிலரின் இதயத்தையோ சிதைக்கும். இதயம் கெட்டவர், கெடாதவர் என இரு சாரார் அணுக்களிலிருந்தும் இதய அணுக்கள் வளர்க்கப்பட்டன. அம்மருந்தை இட்டபோது, கெட்டவரின் அணுக்களே மிகுதியாகச் சிதைந்தன. மருந்து தொடங்குமுன்னரே இதனை ஒரு பெண்ணுக்குச் சொல்ல இயலுமாயின், அவள் புற்றுக்கும் இதயத்திற்கும் இடையே குருட்டுத்தனமாகத் தேர்ந்தெடுக்க நேராது. அந்த நிலை இன்னும் எட்டப்படவில்லை.

காரணங்கள் உள. இவ்வணுக்கள் முதிராதவை. வளர்ந்த மனிதரின் கீழறை அணு செங்கல்போல நீண்டு, தசையிழைகள் வரிசைப்பட்டிருக்கும். இவையோ ஒழுங்கற்ற வடிவின, கருக்குழவியின் அணுவைப் போலத் தாமே துடிப்பன. சாயமும் மிகை ஒளியும் அணுவை நலியச் செய்வதும் உண்டு. அனைத்திற்கும் மேலாக, கிண்ணத்தில் கல்லீரல் இல்லை. டெர்ஃபெனடினை அதில் இட்டால் தீங்கு உடனே தெரியும்; கல்லீரல் மாற்றிய பிறகே நஞ்சாகும் மருந்தோ நல்லதெனத் தோன்றி நழுவிவிடும். கல்லீரல் அணுக்களையும் இதய அணுக்களையும் நுண்குழாய்களால் இணைத்து வளர்க்கும் முயற்சிகள் இக்குறையை நோக்கியே நடைபெறுகின்றன.